மன்னாரின் உலையில் மாதோட்டம்

மன்னாரைப் பார்க்க வருகிறவர்கள் எதையெதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் விடை எளிது. பாலத்தைக் கடந்ததும் கோட்டை, பள்ளிமுனையில் பெருக்க மரம், திருக்கேதீச்சரம், மடு, அரிப்பில் இடிந்து நிற்கும் டொரிக் மாளிகை, தலைமன்னார் இறங்குதுறை. மாரி காலமானால் வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைக் கூட்டம். விரைந்து ஓடினால் ஒன்றிரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். மதியம் பசித்தால் கொத்துரொட்டி உண்டு, ஃபிரைட் ரைஸ் உண்டு. அவை இந்த நாட்டின் எந்த நகரத்திலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக்கு, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு துறைமுகத்தின் வாசலுக்கு வந்துவிட்டு, அந்த மண்ணின் சாப்பாட்டில் ஒரு கவளமும் உண்ணாமல் ஒருவர் திரும்பிப் போக முடிகிறது. இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து ஒன்றே ஒன்றுதான். அப்படித் திரும்புகிறவர் மன்னாரின் வரலாற்றில் பாதியைத் தவறவிட்டுப் போகிறார். அந்தப் பாதியை அவருக்கு முன் பரிமாறாமல் அடுப்படியிலேயே மூடி வைத்திருப்பவர்கள் நாம். உணவைப் பற்றிய பேச்சு வரலாற்று மேடைக்குக் கனம் போதாதது என்று நினைப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்களுடைய ஐயத்தை மதித்தே பேசுகிறேன். ஆகவே சுவையைப் பற்றிச் சொல்வதற்கு முன் சான்றுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஒப்பீடு. வியட்நாமின் நடுப்பகுதியில், துபோன் என்ற ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில், ஹோய் ஆன் என்ற பழைய நகரம் இருக்கிறது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் சீனரும் யப்பானியரும் ஐரோப்பியரும் அங்கே கூடிச் சரக்கு மாற்றினார்கள். பின்னர் ஆற்றுமுகம் மணலால் தூர்ந்தது. பெரிய கப்பல்கள் டா நாங் துறைக்குப் போய்விட்டன. வணிகம் கைவிட்டதால் இடித்துக் கட்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை. பழைய வீதிகள் அப்படியே தப்பின. 1999இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஹோய் ஆனுக்குப் போகிறவர்கள் வீடுகளையும் பாலத்தையும் மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. அங்கே காவ் லாவ் என்று ஓர் உணவு உண்டு. தடித்த அரிசி நூடில்ஸ். அதற்கான அரிசியை மரச் சாம்பல் கரைத்த நீரில் ஊறவைக்க வேண்டும், நீர் அந்த ஊரின் பா லே கிணற்று நீராக இருக்க வேண்டும், சாம்பல் எதிரேயுள்ள சாம் தீவுகளின் மரத்திலிருந்து வர வேண்டும் என்பது ஊர் வழக்கு. நூடில்ஸின் தடிப்பு யப்பானிய உடோனை ஒத்தது என்பார்கள். மேலே வைக்கும் பன்றியிறைச்சியில் சீனச் சமையலின் சாயல். கூடச் சேரும் இலைகள் திரா குவே என்ற பக்கத்துக் கிராமத்துத் தோட்டங்களிலிருந்து வருபவை. கப்பல்கள் போய் இருநூறு ஆண்டு ஆகியும் அந்தத் துறைக்கு யார் யார் வந்தார்கள் என்பதை ஒரு கிண்ணம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வந்தவருக்கு அந்தக் கிண்ணத்தை நீட்டும் வழக்கத்தை ஹோய் ஆன் மக்கள் விடவில்லை. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் மற்ற எல்லாம் நம்மிடமும் உண்டு. அவர்களுடையதைவிடப் பழமையாகவே உண்டு.

நமக்கும் ஓர் ஆறு உண்டு. நாம் அருவியாறு என்போம். சிங்களத்தில் மல்வத்து ஓயா. அநுராதபுரத்தைத் தொட்டு வடமேற்கே ஓடி மன்னார்க் கரையில் கடலைச் சேர்கிறது. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்த ரொபேட் நொக்ஸ், 1679இல் தப்பி வந்தபோது இந்த ஆற்றின் போக்கைப் பிடித்துத்தான் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அநுராதபுரத் தலைநகரையும் துறைமுகத்தையும் இணைத்த வழி அது. அந்தத் துறைமுகம்தான் மாதோட்டம். மாந்தை என்றும் சொல்வோம். பாளி நூல்கள் மகாதித்த என்கின்றன. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருக்கேதீச்சரம் அங்கே இருக்கிறது. 1980 தொடங்கி ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தை மேட்டில் அகழாய்வு நடந்தது. 1984இல் போர் அதை நிறுத்தியது. 2009–2010இல் மீண்டும் மண்வெட்டி இறங்கியது. சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசிய மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மண்ணைச் சலித்து எடுத்த கருகிய தானியங்களும் விதைகளும். அவற்றைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. மாந்தையின் அன்றாட உணவு நெல். அது இங்கேயே விளைந்தது. அதன் நடுவே கி.பி. 100–200 அளவைச் சேர்ந்த கோதுமை, 600–700 அளவைச் சேர்ந்த மிளகு, 650–800 அளவைச் சேர்ந்த திராட்சை விதை, 900–1100 அளவைச் சேர்ந்த ஒரு கராம்பு. கோதுமையும் திராட்சையும் இந்த மண்ணில் விளைவன அல்ல. கடல் வழியாக வந்தவை. கராம்போ அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. ஆசியாவில் அகழ்ந்து கிடைத்த மிகப் பழைய கராம்புகளில் ஒன்றாக மாந்தைக் கராம்பு எண்ணப்படுகிறது.

இந்தச் சிறு விதைகள் சொல்லும் செய்தியைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பீங்கான் துண்டு ஒன்று கிடைத்தால், கப்பல் வந்தது என்று மட்டும் தெரியும். அது இறக்கி வேறிடம் ஏற்றிய சரக்காகவும் இருக்கலாம். ஒரு வீட்டு அடுப்பில் கருகிய தானியம் அப்படியில்லை; இங்கே ஒருவர் உட்கார்ந்து உண்டார் என்பதற்கு அது சாட்சி. சோறு இந்த வயலிலிருந்து, காரம் வேறு கரையிலிருந்து, மணம் இன்னும் தூரத்துக் கடலிலிருந்து. மாதோட்டத்துச் சமையலின் அமைப்பு இதுதான். உள்ளூர் நிலம் அடித்தளம், கடல் கொண்டுவந்தது மேல்சேர்க்கை. கல்வெட்டும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. சோழர் காலத்தில் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் இருந்தது. தாழி குமரன் என்ற அதிகாரி அங்கே இராசராசேச்சுரம் என்ற கோயிலை எடுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. மாதோட்டத்திலேயே கிடைத்த இன்னொரு சோழர் காலக் கல்வெட்டில், கோயிலுக்கு வைத்த காசைப் பொறுப்பேற்றவர்களாக எண்ணெய் வணிகரான சங்கரபாடியாரும், வெற்றிலை வாணியரும், வாழைக்காய் வாணியரும் வருகிறார்கள். முத்து வணிகரோ குதிரை வணிகரோ இல்லை. எண்ணெயும் வெற்றிலையும் வாழைக்காயும் விற்றவர்கள். அறக்கட்டளைக் காசை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவர்கள் ஊரில் நிலைத்தவர்களாக இருந்திருக்கிறார்கள். துறைமுகத்தின் புகழ் கப்பல்காரனுக்குப் போனது. துறைமுகத்தைத் தாங்கியவர்கள் சந்தையில் உணவுப் பொருள் விற்றவர்கள்.

இந்த இடத்தில்தான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. மன்னாரின் நீண்ட வரலாற்றில், விற்பதற்காக எடுத்தவை எல்லாம் போய்விட்டன. உண்பதற்காக வைத்துக்கொண்டவை நிலைத்துவிட்டன. முத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையை உலகறியச் செய்தது முத்து. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் 1801–1804 காலத்தில் அந்த டொரிக் மாளிகையைக் கட்டியதே முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்குத்தான். குளிப்புக் காலம் வந்தால் வெறும் மணற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய நகரம் எழும்பும், முடிந்ததும் மறையும். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, சதையைக் கழுவித் தள்ளிவிட்டு, முத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். 1906இல் ஒரு பிரித்தானியக் கம்பனி இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் நட்டப்பட்டுக் கலைந்தது. 1925க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு இல்லை. இறங்குதுறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1560இல் போர்த்துக்கேயர் எழுப்பினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று சுவர்தான் இருக்கிறது. இவற்றின் நடுவே பிட்டும் சொதியும் ஒரு நாளும் நிற்கவில்லை. கருவாடு காய்வது நிற்கவில்லை. பனங்கிழங்கு கிண்டுவது நிற்கவில்லை. இடையறாத வரலாறு வேண்டும் என்று தேடுகிறவருக்கு மன்னாரில் அது கிடைக்கும் இடம் அடுப்படிதான்.

ஒரு சட்டி ஒடியல் கூழை எடுத்துப் பார்ப்போம். அதன் அடித்தளம் பனை. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கி, நீரில் ஊறவைத்து, கசப்பு நீரை வடித்துவிட்டுத்தான் கூழில் கரைக்க வேண்டும். கசப்பை நீக்கும் இந்த அறிவே எத்தனையோ தலைமுறைகள் சோதித்துக் கற்றது. சட்டியில் மீன் தலை, நண்டு, இறால், கணவாய் ஆகியவை இந்தக் கடலுடையவை. ஒரு பிடி அரிசி கட்டுக்கரைக் குளத்து வயலுடையது. புளிப்புக்குச் சேரும் பழப்புளியின் தாய்நிலம் ஆபிரிக்கா. ஆனால் வந்து மிக நெடுங்காலம் ஆனதால் யாரும் அதை அயலானாக எண்ணுவதில்லை. மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கடல் வழி திறந்த பிறகுதான் நம்மிடம் வந்தன. மிளகாய் என்ற சொல்லே தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. மிளகின் காரத்தைத் தந்த புதிய காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். மாந்தை மண்ணில் கிடைத்த மிளகுக்கும் இன்று நம் அம்மியில் அரையும் செத்தல் மிளகாய்க்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அத்தனை ஆண்டையும் ஒரே சொல் பிடித்து வைத்திருக்கிறது. உண்ணும் இடத்துச் சொற்களையும் பாருங்கள். மேசை, வாங்கு, கோப்பை, பாண் ஆகியவை போர்த்துக்கேயம் தந்தவை. சோறு போட்டு உண்ணும் பீங்கான் பாரசீகச் சொல். சீனாவில் சுட்ட அந்தப் பாத்திரத்தின் துண்டுகளையே மாந்தையில் தோண்டி எடுத்தார்கள். தொல்லியலாளர் மண்ணடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படிப்பது போல ஒரு கூழ்ச் சட்டியையும் படிக்கலாம். ஒரே வேறுபாடு, அந்த அடுக்கை அகழ்ந்தால் சூடாக இருக்கும்.

இங்கே முதல் மறுப்பு எழும். பிட்டும் சொதியும் கூழும் யாழ்ப்பாணத்திலும் உண்டு, வன்னியிலும் உண்டு; மன்னாருக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பெயரளவில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். ஆனால் ஒரு நிலத்தின் சமையலை அடையாளம் காட்டுவது பலகாரத்தின் பெயர் மட்டும் இல்லை. எந்தெந்தப் பொருள் எந்தெந்தக் காலத்தில் ஒன்றையொன்று சந்திக்கிறது என்ற ஒழுங்கு. மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடாவான தென்கடல். வடக்கே பாக்குநீரிணைப் பக்கத்து வடகடல். சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், தொழில் வடகடலுக்குப் போகும். வாடை எழுந்தால் வடகடல் குழம்பும், தொழில் தெற்கே திரும்பும். காற்று மாறினால் சட்டியில் மீன் மாறும். எதிரே பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளம். தாதுசேனன் காலத்தது என்று வரலாற்று மரபு சொல்லும் அந்தப் பெருங்குளத்துக்கு, தேக்கம் அணையில் மறித்த அருவியாற்று நீர் வருகிறது. ஒரு காலத்தில் தலைநகரைத் துறையோடு இணைத்த அதே ஆறு இன்று நெல்லாக நம் பீங்கானுக்கு வருகிறது. உப்பளம் உண்டு, வெயில் உண்டு, ஓயாத காற்று உண்டு; இம்மூன்றும் கூடினால் கருவாடு. பேசாலையிலும் பள்ளிமுனையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் கட்டாவும் சூடையும் திருக்கையும் காய்வது இந்தக் கூட்டால்தான். இதற்கு மேல் மக்களின் கூட்டு. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் நோன்புக் கஞ்சி. கத்தோலிக்க ஊர்களில் பெரிய வெள்ளிக் கஞ்சி. சைவ வீடுகளில் ஆடிப்பிறப்புக்கு ஆடிக்கூழ். மூன்று சமயத்தாரும் தத்தம் புனித நாளில் ஒரே பாத்திர வகையில், ஒரே நிலத்து அரிசியில், அள்ளி ஊற்றிப் பகிரும் உணவைக் காய்ச்சுகிறார்கள். இந்தச் சேர்க்கை வேறெங்கும் இதே வடிவில் இல்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. உணவு மரபு என்று எல்லாவற்றையும் போற்றத் தொடங்கினால், உண்ணக் கூடாததையும் போற்ற வேண்டி வருமே என்பார்கள். உண்மைதான். கடற்பசுவின் இறைச்சி ஒரு காலத்தில் இந்தக் கரையில் விரும்பி உண்ணப்பட்டது, கடலாமையும் அப்படித்தான். இன்று இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். அவற்றைக் கொல்வது குற்றம். மரபு என்ற பெயரால் இந்தக் குற்றத்துக்கு ஒரு சொட்டுக்கூடச் சலுகை இல்லை என்பதே என் நிலை. அது என் வாதத்தைக் குலைக்கவில்லை, பலப்படுத்துகிறது. கோட்டையைப் போற்றுகிறோம் என்பதற்காகக் கோட்டைச் சிறையை மீண்டும் திறப்பதில்லை. வரலாற்றிலிருந்து எதைத் தொடர்வது, எதை நினைவில் மட்டும் வைப்பது என்று தெரிந்தெடுப்பது ஒவ்வொரு தலைமுறையின் கடமை. மேலும், உணவை மரபுரிமையாக ஏற்றுக்கொண்டவர்தான் கடலைக் காப்பதில் முதல் ஆளாக நிற்க வேண்டியவர். கடலின் அடியை வாரி அள்ளும் இழுவை மடியை இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் சட்டத்தால் தடுத்தது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் இந்தக் கடலின் குஞ்சையும் பாசியையும் இன்றும் வாரிக்கொண்டு போகின்றன. 2008இல் சரணாலயமாக அறிவித்த வங்காலைச் சதுப்பு 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைக்காக மட்டும் அதைப் பேசுகிறோம், நண்டும் இறாலும் வளரும் தாய்மடி என்று பேசுவதில்லை. மீன் அற்றுப்போன கடற்கரையில் ஒடியல் கூழ் என்ற பெயர் மட்டும் எஞ்சும். பனை தறிந்த நிலத்தில் அந்தப் பெயரும் எஞ்சாது.

மூன்றாவது மறுப்பு, சொல்பவரின் மனக்காயத்திலிருந்து வருவது; ஆகவே மிகுந்த மரியாதையோடு அதற்கு விடை சொல்ல வேண்டும். இத்தனை இழப்புக் கண்ட மண்ணில் சுவையைப் பற்றிப் பேசுவது தகுமா என்பது அது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரின் முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்துக்குப் போய்ப் பல்லாண்டு அங்கேயே இருந்தன. தமிழ்க் குடும்பங்கள் பல படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போயின. எஞ்சியவை வன்னிக்குள் அலைந்தன. அப்படிப் போனவர்கள் வீட்டைக் கொண்டுபோக முடியவில்லை. கோயிலையும் பள்ளிவாசலையும் ஆலயத்தையும் கொண்டுபோக முடியவில்லை. கைப்பக்குவத்தை மட்டும் கொண்டுபோனார்கள். முகாமில் கிடைத்த பங்கீட்டு அரிசியிலும் கோதுமை மாவிலும் தங்கள் ஊர்ச் சுவையைத் தேடினார்கள். பொருள் வராத போர்க் காலத்தில் வடபுலத்தின் பசியைத் தாங்கியவற்றில் பனைக்கும் பங்குண்டு. இதை அறிந்த பிறகு அந்த உணவைப் பற்றிப் பேசுவது இழப்பை மறப்பதாகுமா? இழந்தவற்றுள் தப்பி வந்த ஒன்றைக் கை நீட்டி வரவேற்பதாகும். திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்கும்படி ஆறுமுக நாவலர் 1872இல் வேண்டுகோள் விடுத்தபோது, அங்கே காடு மட்டும்தான் இருந்தது. திருப்பணிச் சபை 1948இல் அமைந்தது. ஒரு கோயிலை மீட்க அத்தனை காலம் பொறுத்திருந்த மக்கள், ஒரு சமையல் மரபை மீட்பதை அற்பம் என்று ஒதுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கடைசி மறுப்பு, சுற்றுலாவைப் பற்றியது. வந்தவருக்குப் பரிமாறத் தொடங்கினால் உணவு காட்சிப் பொருளாகும், விலை ஏறும், ஊர்க்காரன் தன் கடலின் நண்டை வாங்க முடியாமல் போவான் என்பார்கள். ஹோய் ஆனையே இதற்குச் சான்றாகக் காட்டலாம். அங்கே பழைய வீடுகள் பல கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. வாழ்ந்தவர்கள் விலகி, வருபவர்களுக்காகவே வீதி இயங்கும் நிலை கவலைக்குரியது. அந்த எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுற்றுலா வராமலே நம் நண்டு போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கடல்களின் நீலக்கால் நண்டு பதப்படுத்தப்பட்டு வெளிநாட்டுச் சந்தைக்குப் போகிறது. கடலட்டை சீன உணவு மேசைக்குப் போகிறது. விற்பது பிழையன்று, குடும்பங்கள் அதில் வாழ்கின்றன. ஆனால் முத்தும் அப்படித்தான் விற்கப்பட்டது என்பதை மறக்கலாகாது. வெளியே போகும் ஒரு கிலோ நண்டு அதைப் பிடித்தவருக்கு அன்றைய விலையை மட்டும் தரும். அதே நண்டு இங்கேயே கறியாகிப் பரிமாறப்பட்டால், பிடித்தவருக்கு ஒரு பங்கு, மிளகாய் இடித்தவருக்கு ஒரு பங்கு, பனையோலைப் பிளா கோலியவருக்கு ஒரு பங்கு, சமைத்தவருக்கு ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சமைக்கத் தெரிந்த கை அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும். யப்பானின் வாஷோக்கு என்ற உணவு மரபை 2013இலும், சிங்கப்பூரின் தெருவுணவுக் கூடங்களின் பண்பாட்டை 2020இலும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. உணவு வரலாற்றுச் செல்வம் என்பதை உலகம் ஏற்று நாளாயிற்று. நாம்தான் நம் வாசலில் இருப்பதை அதற்கு ஈடாக எண்ணத் தயங்குகிறோம்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், பெரிய விடுதிகளைக் கட்டுவதை நான் முதலில் சொல்ல மாட்டேன். உண்மையில் சமைக்கத் தெரிந்த பெண்கள், சங்கமாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலேயே, தங்கள் விலையில் நடத்தும் சிறு சாப்பாட்டுக் கடைகள் வேண்டும். பேசாலையில் ஒன்று, எருக்கலம்பிட்டியில் ஒன்று, மாந்தைப் பக்கத்தில் ஒன்று என்று. அங்கே பட்டியல் காற்றோடு மாறட்டும். சோளகத்தில் வடகடல் மீன், வாடையில் தென்கடல் மீன். இல்லாத மீனைத் தேடிக் குளிர்பெட்டியைத் திறக்க வேண்டாம். கோதுமை மாப் பிட்டு இருக்கட்டும். மாந்தையிலேயே கோதுமை இருந்தது. ஆனால் சிவப்பரிசிப் பிட்டும் ஒடியல் பிட்டும் கேட்டால் கிடைக்க வேண்டும். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் வேலை பெட்டி கட்டி விற்பதோடு நிற்காமல், பினாட்டும் பனங்கட்டியும் பனங்காய்ப் பணியாரமும் செய்யும் பக்குவத்தை எழுத்தில் பதியும் அளவுக்கு நீள வேண்டும். பாடசாலையில் மாதோட்டத்தைக் கற்பிக்கும் நாளில் ஆசிரியர் மிளகையும் கராம்பையும் மாணவர் கையில் கொடுத்துப் பாடத்தைத் தொடங்கலாம். கோட்டை வாசலில் ஆண்டுகளை எழுதி வைக்கும் பலகையில், அந்தக் கோட்டைக்கு வந்தவர்கள் நம் சட்டிக்குள் எதை விட்டுப் போனார்கள் என்றும் நான்கு வரி எழுதலாம். இவை எதற்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது, இது பேசத் தக்க பொருள் என்ற துணிவு.

மாந்தை மேட்டில் அந்தக் கராம்பை உண்ண எடுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் தமிழரோ, சிங்களவரோ, அரபு வணிகரோ, கீழைக் கடல் மாலுமியோ. இந்த நிலத்து நெல்லில் சமைத்து, தூரக்கடல் மணம் சேர்த்து உண்ட ஒரு மனிதர். அவர் உண்ட வகையில்தான் இன்றும் நாம் உண்கிறோம். வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு உறவினர் வந்தால், கோட்டையைக் காட்டுங்கள், பெருக்க மரத்தைக் காட்டுங்கள், கேதீச்சரத்துக்கும் மடுவுக்கும் கூட்டிப் போங்கள். ஆனால் அதற்கு முன், பனையோலைப் பிளாவில் ஒரு பிளாக் கூழ் ஊற்றிக் கையில் கொடுங்கள். அதில் என்னென்ன எங்கெங்கிருந்து வந்தன என்று சொல்லிக் கொடுங்கள். மன்னாரின் வரலாறு அங்கிருந்து தொடங்கட்டும்.